குறையை முதலில் சொன்னவர்

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷன் காலியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. 'வீடு வாடகைக்கு' என்று அட்டையில் எழுதி கேட்டில் கட்டியிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவர் வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. கைத்தறிப் புடவை, முதுகில் கல்லூரிப் பிள்ளைகள் மாட்டுகிற மாதிரி ஒரு பை, சாம்பல் நிற ஸ்கூட்டி. ஸ்கூட்டிக்கு இடது பக்கக் கண்ணாடி இல்லை. கேட்டைத் திறக்காமல் வெளியில் நின்றபடியே பேசினார்.

"வூடு எனக்கு இல்லீங்க. பதினெட்டு முடிஞ்ச ஒரு பொண்ணுக்கு. சின்ன வயசுலேர்ந்து ஹோம்ல வளந்த பொண்ணு. அதுகிட்ட என்னென்ன குறை இருக்குதுன்னு மொதல்ல சொல்லிடறேன். கேட்டுட்டு வேணாம்னா கெளம்பிடறேன்."

இருபத்தெட்டு வருடம் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிய ஆள் நான். குறையை மறைக்க வருகிறவர்களோடுதான் எனக்குப் பழக்கம். உள்ளே வரச் சொன்னேன். என் மனைவியும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னார்.

"கதவத் தாப்பா போட மாட்டா. ஹோம்ல உள்பக்கம் தாப்பாவே கெடையாது. லைட்ட அணைக்க மறந்துடுவா. அங்க ஒம்போது மணிக்கு வார்டனே மெயின அணைச்சுடுவாங்க. சோறாக்கினா நாலு பேருக்கு ஆக்குவா. மணி அடிச்சாதான் எழுந்து பழக்கம், காலைல ஒரு கொரல் குடுக்கணும். போனு பேசினா தெருவுக்கே கேக்கும். கோவம் வந்தா ரெண்டு நாளு பேச மாட்டா."

"நல்லது ஒண்ணும் இல்லையா?" என்றாள் என் மனைவி.

"இருக்குதுங்க. அத நீங்களே பாத்துக்குவீங்க. நான் சொன்னா சரியா வராது."

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே, ஸ்கூட்டியின் பக்கத்தில், ஒரு பெண் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அவள்தான் அபிராமி. அதற்கு முன்பு ஆறு வீட்டு வாசலில் அதே மாதிரி நின்றுவிட்டு வந்திருக்கிறாள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவருடைய வேலைக்கு அரசாங்கக் காகிதத்தில் 'பின் பராமரிப்பு' என்று பெயர். இல்லங்களில் வளர்கிற பிள்ளைகள் பதினெட்டு முடிந்ததும் வெளியே வர வேண்டும். வந்த பிறகு தங்க ஓர் இடம், செய்ய ஒரு வேலை, கையில் நாலு அடையாள அட்டை என்று அமைத்துக் கொடுப்பதற்குச் சின்ன அறக்கட்டளை ஒன்று அவரை ஒப்பந்தத்தில் வைத்திருந்தது. எங்கள் ஊரான விருத்தாசலம், பக்கத்துப் பெண்ணாடம், ஸ்ரீமுஷ்ணம் மூன்றும் அவர் பொறுப்பு. முதல் சில மாத வாடகையை அறக்கட்டளை கொடுத்துவிடும். வீட்டைப் பிடிப்பதுதான் பாடு.

வீட்டுக்காரர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். அப்பா என்ன பண்றாரு? சொந்த ஊரு எது? மூன்றாவது கேள்வி, நீங்க என்ன ஆளுங்க என்பது. அதை எங்கள் ஊரில் நேராகவும் கேட்பார்கள், குலதெய்வக் கோயில் எது என்று சுற்றியும் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது: "தெரியாதுங்க." அந்தத் 'தெரியாதுங்க'வில் வெட்கமோ கெஞ்சலோ இருக்காது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொல்வார்.

வீட்டைக் கொடுத்தோம். சாவி கொடுத்த அன்று நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அபிராமியை மாடிப்படி அருகே நிற்க வைத்து, எங்கள் இருவரையும் எதிரில் வைத்துக்கொண்டே, அவளிடம் எங்கள் குறைகளைச் சொன்னார்.

"தண்ணி காலைல ஏழு மணியோட நின்னுடும், அதுக்குள்ள புடிச்சுக்க. மாடி வெயில்ல கொதிக்கும். சார் மூஞ்சியக் கடுகடுன்னு வெச்சிருப்பாரு, ஒம்மேல கோவம்னு நெனச்சுக்காத, மூஞ்சியே அப்படித்தான். அம்மா எதையும் ரெண்டு தடவ சொல்லுவாங்க. மொத தடவயே செஞ்சுட்டா ரெண்டாவது தடவ சொல்ல மாட்டாங்கன்னு நெனைக்காத, அப்பவும் சொல்லுவாங்க."

"நாங்க இங்கதாங்க நிக்கறோம்," என்றேன்.

"தெரியுதுங்க. அதான் இப்பவே சொல்லிடறேன்."

அவர் எங்கள் பின் தெருவில் குடியிருந்தார் என்பது அப்புறம் தெரிந்தது. அதனால் அடிக்கடி பார்க்க வாய்த்தது. காய்கறி வாங்கப் போனாலும் அவருக்கு அதே முறைதான். கடைக்காரரிடம் "நான் பொறுக்கி எடுப்பேன், பாதி கூடைய கலைச்சுடுவேன், பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரிக்காயில் கை வைப்பார். புதிதாக யாரையாவது பார்த்தால் "எனக்கு மறதி ஜாஸ்தி, போன் பண்றேன்னு சொல்லுவேன், பண்ண மாட்டேன், நீங்களே ரெண்டு தடவ அடிச்சுடுங்க" என்பார். மறதி உண்மைதான்.

இந்தப் பழக்கம் எல்லா இடத்திலும் நன்மையாகவே முடிந்தது என்று எழுதினால் அது பொய். அவர் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் இரண்டு பேர் நல்லூரிலிருந்து விசாரிக்க வந்து, வழியில் அகப்பட்ட இவரிடமே கேட்டுவிட்டார்கள். பெண் எப்படி என்று.

"கோவம் வருங்க. வந்தா தட்டு பறக்கும். சமையல் சுமார்தான். காலைல எட்டு மணி வரைக்கும் தூங்கும்," என்று விரலை மடக்கியிருக்கிறார்.

வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். பெண்ணின் அம்மா தெருவில் நின்று, "வாயா அது? ஊர்ப் புள்ளைங்களுக்கு வூடு புடிச்சுக் குடுக்குறியே, எம்புள்ளைக்குக் கெடச்ச வூட்டக் கெடுத்துட்டியே," என்று பேசியது எங்கள் வீடு வரை கேட்டது. கோபம் வரும் என்பதை மறைத்துக் கட்டிக்கொடுத்தால் அந்தப் பெண்ணுக்குத்தான் ஆபத்து என்று இவர் பிறகு அந்த அம்மாவிடமும் சொன்னார், என்னிடமும் சொன்னார். அந்த அம்மா அதை ஏற்கவில்லை. நானும் முழுக்க ஏற்கவில்லை. கேட்டுவிட்டார்கள் என்பதற்காக இதைச் சொல்ல இவர் யார் என்ற கேள்வி எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன். பாலக்கரை டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். அவர் டீயை ஆற வைத்துத்தான் குடிப்பார்.

"மொதல்ல நானும் எல்லாரும் மாதிரிதாங்க இருந்தேன். பெண்ணாடத்துல ஒரு பையனுக்கு வூடு பாத்தேன். சர்க்கரை ஆலை பக்கம் வேல. வூட்டுக்காரரு யோசிச்சாரு. தங்கமான பையங்க, ஒரு கெட்ட பழக்கம் கெடையாதுங்கன்னு சொல்லி வாங்கிக் குடுத்தேன். ரெண்டு வாரம் ஆச்சு. ஒரு நாளு மோட்டாரப் போட்டுட்டு அணைக்காம வேலைக்குப் போயிட்டான். டேங்கு ரொம்பி, தண்ணி எறங்கி, அவங்க கூடம் வரைக்கும் வந்துடுச்சு. சாயங்காலம் அவன் வரப்ப பொட்டி தெருவுல இருக்குது. எனக்கும் சொல்லல. நேரா ஹோமுக்குப் போயிருக்கான். வயசு தாண்டின பையன உள்ள விட முடியாதுல்ல, அவங்களும் என்ன பண்ணுவாங்க. திரும்பி வந்து ஜங்ஷன் பிளாட்பாரத்துல இருந்திருக்கான். நாலு நாளு கழிச்சுத்தான் எனக்குத் தெரியும்."

டீயை ஒரு வாய் குடித்தார்.

"தண்ணி போனது பெருசு இல்லீங்க. தங்கமான பையன்னு சொன்னேன் பாருங்க, அதான் தப்பு. நல்லவன்னு சொல்லிட்டா அப்புறம் அவன் ஒரு தப்பு கூட பண்ணக் கூடாது. சாதாரணப் பையன், மறதி உண்டுன்னு சொல்லியிருந்தேன்னா, ஒரு மோட்டாருக்கு எடம் இருந்திருக்கும்."

அந்தப் பையன் இப்போது திருப்பூரில் இருக்கிறான் என்றும், இவர் போன் செய்தால் எடுப்பதில்லை என்றும் சொன்னார். நான் அதைச் செய்தியாக எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாங்க, அதுல என்ன நல்லவளாக் காட்டிடுவீங்க," என்றார்.

அபிராமி தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் பொம்மைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் இரண்டு பக்கமும் சேருகிற இடத்தில் ஒரு கோடு இருக்கும். அதை ஈர ஸ்பாஞ்சால் தேய்த்து எடுப்பது அவள் வேலை. மாலையில் வரும்போது முழங்கை வரை வெள்ளைக் களிமண் காய்ந்திருக்கும். முதல் மாதத்தில் அவர் சொன்ன குறைகள் எல்லாம் வரிசையாக வந்தன. கதவு திறந்தே கிடந்தது. என் மனைவி இரண்டு தடவை சொன்னாள். விளக்கு எரிந்தது. மீந்த குழம்பு கிண்ணத்தில் கீழே வந்தது. எதற்கும் நாங்கள் கோபப்படவில்லை. தெரிந்த குறை வந்து நிற்கும்போது 'ஓ, இதுவா' என்றுதான் தோன்றுகிறது. அவருடைய முறை வேலை செய்கிறது என்று நான் மனதுக்குள் ஒத்துக்கொண்டிருந்த சமயத்தில், பட்டியலில் இல்லாத ஒன்று வந்தது.

என் மகள் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்து திரும்பும்போது துவைத்துக் காயப்போட்ட ஒரு நீல சுடிதாரை மாடிக் கொடியில் மறந்துவிட்டுப் போயிருந்தாள். ஒரு புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு அபிராமி வேலையிலிருந்து வந்தாள். உடம்பில் அந்தச் சுடிதார். முன்பக்கம் முழுக்கக் களிமண். என் மனைவி கேட்டருகே நின்றிருந்தாள்.

"இது எம்பொண்ணு சுடிதார் இல்ல?"

"இருக்குமுங்க. கொடியில இருந்துச்சு."

"கொடியில இருந்தா எடுத்துப் போட்டுக்குவியா?"

"அளவு சரியா இருந்துச்சுங்க."

முகத்தில் மாட்டிக்கொண்ட களை கொஞ்சமும் இல்லை. என் மனைவியை அதுதான் அதிகம் சுட்டது. அபிராமி இன்னும் ஒரு படி மேலே போனாள். "என்னுதும் ரெண்டு கொடியில கெடக்குதுங்க. அக்கா வந்தா எடுத்துக்கட்டும்."

"கேட்டீங்களா நியாயத்த?" என்று என்னிடம் திரும்பிய மனைவி, உள்ளே போய் அவருக்குப் போன் செய்தாள். "உங்க பொண்ணு திருட ஆரம்பிச்சாச்சு. வந்து கூட்டிக்கிட்டுப் போங்க." அதையும் இரண்டு தடவை சொன்னாள்.

இருபது நிமிடத்தில் ஸ்கூட்டி வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே படியேறி மாடிக்கு வந்தார். நாங்கள் மூன்று பேரும் கொடியின் கீழே நின்றிருந்தோம். என் மனைவி சொல்லி முடிக்கிற வரை குறுக்கே பேசவில்லை. பிறகு அபிராமியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஹோம்ல துணி எப்படி எடுத்துக்குவீங்க?"

"மொத்தமாத் துவைச்சு ஒரே கொடியில போடுவோம். காஞ்சதும் யாருக்கு எது அளவோ, எடுத்துக்குவோம்."

"இங்க?"

"இங்கயும் ஒரு கொடிதானேக்கா இருக்குது."

அவர் கொஞ்ச நேரம் கொடியைப் பார்த்தார். பிறகு என் மனைவியிடம் திரும்பினார். "இத்தன வருஷமா இந்த வேல பாக்கறேன், இது எனக்குத் தெரியலீங்க. உங்ககிட்ட சொல்லாம விட்டது என் தப்பு. இது திருட்டு இல்ல. ஆனா உங்க பொண்ணு துணி போனது போனதுதான். இருக்க வேணாம்னா சொல்லுங்க. இந்த ஊருல இனி வேற வூடு கெடைக்காது. கடலூர் ஹாஸ்டல்தான். அங்கேர்ந்து இந்த வேலைக்கு வந்து போவ முடியாது, வேல போயிடும். ஹோமுக்கும் திரும்ப முடியாது. அது உங்க பாடு இல்ல, எம்பாடு. சும்மா உள்ளத சொல்றேன்."

கெஞ்சல் இல்லை. நிலவரம் சொல்கிற குரல். ஒரு நல்ல செய்தியாளர்கூட இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பழக்கம் விடவில்லை. விரலை மடக்கினார்.

"இன்னும் ரெண்டு இப்பதான் தோணுது, அதையும் சொல்லிடறேன். சோப்பு, சீப்பு கீழ இருந்தா அப்படித்தான் எடுப்பா. செருப்பும்…"

"போதும்கா," என்றாள் அபிராமி.

அவள் குரல் உயரவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த இத்தனை நாளில் அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

"ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன். கதவு போட மாட்டா, லைட்டு அணைக்க மாட்டா, எழுந்திரிக்க மாட்டா. ஒரு வூட்டுலயாவது ஒரே ஒரு நல்லது சொன்னீங்களா? ஓட்டத் தட்ட ஓட்டையக் காட்டி விக்கற மாதிரியே சொல்லுவீங்க. நான் கேட்டுட்டே நிப்பேன்."

அவருடைய விரல் மடங்கின இடத்திலேயே நின்றது. பெண்ணாடத்துப் பையனின் கதையை அவர் சொல்லியிருக்கலாம். அது நியாயமான விளக்கம்தான். சொல்லவில்லை.

"இல்ல. சொல்லல," என்றார்.

கீழே தெருவில் ஒருவர் ஸ்டார்ட் ஆகாத வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். என் மனைவி சுடிதாரின் முனையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, யாரிடம் என்று இல்லாமல், "கேட்டதும் கொடியில இருந்துச்சுன்னு சொன்னா," என்றாள். "நம்ம பொண்ண, எம்பொடவைய எடுத்தியாடின்னு கேட்டா, மொதல்ல இல்லன்னுதான் சொல்லும்." என்னைப் பார்த்து, "காலைல இன்னொரு கொடி கட்டிக் குடுங்க. அவ பக்கம் ஒண்ணு, நம்ம பக்கம் ஒண்ணு," என்றாள். அபிராமியிடம், "இத நீயே வெச்சுக்க," என்றாள்.

"களிமண்ணுதாங்க, அலசினா போயிடும்."

"வெச்சுக்கன்னா வெச்சுக்க."

அபிராமி அதன் பிறகு இரண்டு வருடம் எங்கள் மாடியில் இருந்தாள். இப்போது பூதாமூரில், தன் பெயரில் ஒப்பந்தம் போட்ட வீட்டில் இருக்கிறாள். அவர் அறக்கட்டளையின் ஒப்பந்தம் முடிந்து வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று மாலை நடந்ததில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

அவர் எங்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனார். ஸ்கூட்டி தெருமுனை வரை போனதைப் பார்த்தேன். அங்கே நின்றது. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு திரும்பி வந்தது. மறுபடி படியேறி, கடைசிப் படிக்கு ஒரு படி கீழே நின்றுகொண்டார். அபிராமி தன் கதவருகே நின்றிருந்தாள்.

"இந்த வருஷம் உங்கூட வெளிய வந்த புள்ளைங்க எல்லாரையும் கேட்டேன், எந்த மாதிரி எடம் வேணும்னு. நீங்க சொல்ற எடத்துக்குப் போறோம்னாங்க. நீ ஒருத்திதான் ஜன்னலு இருக்கற வூடு வேணும்னு கேட்ட. தெரு தெரியணும்னு சொன்ன."

அபிராமி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அந்த ஆறு வூட்டுல ரெண்டு வூட்டுல சரின்னுட்டாங்க. உங்கிட்ட சொல்லல. ஜன்னலு இல்ல, நாந்தான் வேணாம்னு சொல்லிட்டு வந்தேன். இந்த வேலைல நான் பாத்ததுல, எனக்கு இது வேணும்னு வாய தொறந்து கேட்ட புள்ளைங்க கம்மி. அது நல்லதுதான். பெரிய நல்லது." மூச்சு வாங்கிக்கொண்டார். படியேறிய மூச்சாகவும் இருக்கலாம். "ஒண்ணு கேட்டல்ல. சொல்லிட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருக்கலாம்."

அவர் போகத் திரும்பினார். அபிராமி, "சாப்ட்டுட்டுப் போங்கக்கா," என்றாள்.

"கீழ அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்க. இப்பதான் ஒரு சண்ட முடிஞ்சிருக்குது."

"அவங்கள எதுக்குக் கேக்கணும்?" என்றாள் அபிராமி. "இது என் வூடு. உள்ள வாங்க."

நாங்கள் இருவரும் கொடியருகில்தான் நின்றிருந்தோம். என் மனைவி என் கையைப் பிடித்து, கீழே போகலாம் என்பது போல் இழுத்தாள். படியில் எங்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்ற அவர், நாங்கள் இறங்கிய பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் ஸ்கூட்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. அபிராமியின் வீட்டுக்கு வந்த முதல் விருந்தாளி அவர்.